பள்ளி மாணவரும் பகா எண் ஆய்வும்

ஆராய்ச்சி என்றதும் ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. கோட்பாட்டுக் கணிப்பொறியியல் இதற்கு விலக்காகும். கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றை அடுத்து, தமிழக எல்லையருகே உள்ள குன்னத்துகால் போன்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி மாணவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு இத்துறையின் வாயில்வரை செல்ல இயலும்.

ஓர் எண் பகா எண்தானா என்பதைக் கணிப்பொறி விரைந்து அறிவது எவ்வாறு? இரகசியச் செய்திகளைக் காக்கப் பெரிய பகா எண்கள் வேண்டப்படுவதால் இவ்வினா முக்கியத்துவம் பெறுகிறது. 1640இல் ஃபெர்மா கூறிய பண்பு இதற்கு ஒரு சோதனையைத் தருகிறது. ஐந்து 2களைப் பெருக்கினால் 32. அதில் 2ஐக் கழித்தால் 30. அது 5ஆல் வகுபடும். எல்லாப் பகா எண்களும் இவ்வாறே அமையும். ஆனால் தேறுவன எல்லாம் பகா எண்கள் அல்ல. 561 என்பது 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கற்பலன். எனினும் எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் தேறிவிடுகிறது! காரணிகளில் ஒன்றைக் குறைத்தால் வரும் 2, 10, 16 ஆகிய மூன்றும் 560ஐ மீதியின்றி வகுப்பதே காரணம். இவை கார்மைக்கேல் எண்கள் எனப்படும். இராமானுஜன் பெயரோடு இணைந்த 1729உம் (7×13×19) இவ்வினத்ததே.

இவை முடிவற்றவை என்பதை ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமெரன்ஸ் ஆகியோர் 1994இல் மெய்ப்பித்தனர். 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், அவ்வாண்டே பட்டப்படிப்பை முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோருடன், இத்தகைய எண்களால் ஏமாறாத விரைவான வழிமுறையை அளித்தார். 2021இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 17 வயதுப் பள்ளி மாணவர் டேனியல் லார்சன், போதிய அளவு பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு கார்மைக்கேல் எண்ணேனும் உண்டு என நிறுவினார்.

லார்சனின் பெற்றோர் இருவரும் கணிதப் பேராசிரியர்கள் என்பதையும் மறத்தலாகாது. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி பாடமாகவே உள்ளது; ஆய்வுக் கட்டுரைகள் பல இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்லைப்புற மாணவருக்கு அரிதாய் இருப்பது, எழுதிய நிறுவலைப் படித்துப் பிழை சுட்டும் ஒருவரே. திருவனந்தபுரம், நாகர்கோவில் கல்லூரிகளின் கணிதத் துறைகள் மாதம் ஒரு நாள் ஒதுக்கினும் இக்குறை பெரிதும் நீங்கும்.

தொடக்கப் பயிற்சியாக ஒன்று: 3,000க்குள் இத்தகைய எண்கள் ஐந்தே. இரண்டு மேலே கூறப்பட்டன. எஞ்சிய மூன்றையும் மாணவர் கண்டறிக.