தாமரைக்கு அல்லி சொந்தமா?

கேள்வி: பன்சலைக்குக் கொண்டுபோகும் பூத்தட்டில் தாமரையும் நீலோற்பலமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பமா?
– வாசகி, ருவான்வெல்லை

பதில்: குளம் ஒன்றுதான், குடும்பம் வேறு. 1986இல் நமது தேசிய மலரான நீலோற்பலம் அல்லி இனம். தாமரையையும் முன்பு அதோடுதான் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வு பிரித்துவிட்டது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரவிலியா இருக்கிறதே, அதன் குடும்பம்தான் தாமரைக்கு நெருங்கிய உறவுகளில் ஒன்று! பார்த்தால் யார் நம்புவார்?

பூ இல்லாத நாளில் இலையைப் பாருங்கள். அல்லி இலையில் காம்பு வரை ஒரு வெட்டு ஓடும். இலை நீரோடு ஒட்டிக் கிடக்கும். தாமரை இலை வெட்டில்லாத வட்டம். குடைக்குக் கம்பிபோலக் காம்பு நடுவில் சேரும், தடவினால் முள் நெருடும். இளஞ்செடியின் இலைகள் மிதக்கும். பிறகு வருபவை நீருக்கு மேலே எழும்.

தாமரைப் பூ தானே சூடு உண்டாக்கும். வெளியே 10 பாகைக்குக் குளிர்ந்தாலும் உள்ளே 30 பாகை இருக்கும். வண்டுகள் அந்தக் கதகதப்பில் இராத் தங்கும். விதையோ மகா அழுத்தம். சீனாவின் பழைய ஏரிப் படிவில் கிடைத்த, சுமார் 1,300 வருட விதை முளைத்திருக்கிறது. நீங்கள் விதை போடுவதானால் ஓட்டின் ஒரு முனையை வெள்ளை தெரியும்வரை உரசித் தண்ணீரில் போடுங்கள். உரசாவிட்டால் நீர் உள்ளே இறங்காது.