இயற்கையானது எப்படிச் சுடும்? நறுமண எண்ணெயும் நம் தோலும்



படிவம் மூன்று மாணவி ஒருத்தி ஒருநாள் கன்னத்தைக் கைக்குட்டையால் மறைத்தபடி வகுப்புக்கு வந்தாள். ஓய்வு நேரத்தில் அழைத்து விசாரித்தேன். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, முகப்பருவின் மேல் டீ ட்ரீ எண்ணெயை எதிலும் கலக்காமல் மூன்று இரவுகள் தடவியிருக்கிறாள். நான்காம் நாள் காலையில் கன்னம் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியத் தொடங்கிவிட்டது.

“டீச்சர், புட்டியில நூறு விழுக்காடு இயற்கைன்னுதானே போட்டிருக்கு? இயற்கையானது எப்படிச் சுடும்?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தேட ஆய்வுக்கூடம்வரை போக வேண்டியதில்லை. நம் தோட்ட வீடுகளின் கொல்லையில் நிற்கும் செராய்ப் புதரிலிருந்தே தொடங்கலாம்.

புல்லிலிருந்து புட்டிக்கு

நெகிரி செம்பிலானில் செராய் இல்லாத கொல்லையைக் காண்பது அரிது. மாசாக் லெமாக் சமைக்க அம்மா இரண்டு தண்டை நசுக்கிப் போட்டதும் வீடு முழுவதும் மணக்கிறது. இலையிலும் தண்டிலும் உள்ள எண்ணெய் உயிரணுக்கள் நசுங்கி உடைந்து, அவற்றிலிருந்த எண்ணெய் காற்றில் கலப்பதே இதற்குக் காரணம். இப்படி எளிதில் ஆவியாகும் மணமுள்ள எண்ணெயைத்தான் நறுமண எண்ணெய் என்கிறோம்.

இதைப் பிரித்தெடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ‘நீரும் கரைசலும்’ பாடத்தில் காய்ச்சி வடித்தலைப் படித்திருப்பீர்கள். இங்கே நீராவியைச் செராய் இலைகளின் ஊடே செலுத்துகிறார்கள். செராய் எண்ணெயின் முதன்மைப் பொருளான சிட்ரால் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 229 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் நீராவியோடு சேரும்போது 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே அது ஆவியாகி வந்துவிடும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நீர் அடியில் தங்கும். அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதக்கும்.

இனி ஒரு சிறு கணக்கு. புதிய செராய் இலையில் எண்ணெய் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 விழுக்காடுதான் இருக்கும். 0.3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 மில்லிலிட்டர் புட்டி ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 3 கிலோகிராம் இலை வேண்டும். ஒரே ஒரு சொட்டு எண்ணெய்க்குள் ஏறத்தாழ 15 கிராம் இலையின் எண்ணெய் அடங்கியிருக்கிறது. செராய்த் தண்டைக் கையால் தொடுவதும் செராய் எண்ணெயைத் தோலில் தடவுவதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், செறிவு வேறு.

செய்து பார்ப்போம்

ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். சற்றுத் தள்ளி ஒரு சொட்டு நறுமண எண்ணெய் விடுங்கள். தாளை மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் விட்ட இடத்தில் ஒளி ஊடுருவும் கறை அப்படியே இருக்கும். நறுமண எண்ணெய் விட்ட இடத்தில் கறை பெரும்பாலும் மறைந்திருக்கும்.

பெயரில் இரண்டும் ‘எண்ணெய்’தான். ஆனால் தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் கொழுப்பு எண்ணெய்கள். தோலின் மேல் தங்கி ஈரம் வெளியேறாமல் தடுப்பவை. நறுமண எண்ணெயோ சின்னஞ்சிறு மூலக்கூறுகளின் கலவை. பாட்டி தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தேய்த்துவிட்டதை நினைத்துக்கொண்டு நறுமண எண்ணெயையும் அதே தாராளத்தோடு தடவுவதுதான் பலர் செய்யும் பிழை.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு, சாந்து. நறுமண எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரைபவை. ஆகவே சாந்தின் வழியே உள்ளே நுழைந்துவிடுகின்றன. செறிவு மிகும்போது சுவரே கெட்டு எரிச்சலும் உரிதலும் ஏற்படும்.

இன்னொன்றும் நடக்கலாம். சிட்ரால் போன்ற சில பொருள்கள் தோலிலுள்ள புரதங்களோடு இணைந்துகொள்ளும். நம் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகக் கருதி நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் தலைகாட்டும். இதுதான் தொடு ஒவ்வாமை. ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். சவர்க்காரத்திலும் வாசனைத் திரவியத்திலும் அதே பொருள் இருந்தால் அவற்றையும் ஒதுக்க வேண்டிவரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிட்ரால், லிமோனீன், லினலூல் போன்றவை ஒரு முகப்பூச்சில் 0.001 விழுக்காட்டைத் தாண்டினாலே அவற்றின் பெயரை உறையில் அச்சிட வேண்டும்.

பழைய எண்ணெயில் ஆபத்து இன்னும் கூடுதல். திறந்த புட்டியில் காற்றும் வெளிச்சமும் படும்போது எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமையை மேலும் எளிதில் தூண்டும் பொருள்களாக மாறுகிறது.

முகப்பருவுக்குப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. டீ ட்ரீ என்பது நம் தேயிலைச் செடி அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மரம் அது. நம் நாட்டுச் சதுப்பு நிலங்களில் வளரும் கெலாம் மரத்துக்கு நெருங்கிய உறவு. மின்யாக் காயு பூத்தே கிடைப்பது இந்தக் கெலாம் இனத்திலிருந்துதான். டீ ட்ரீ எண்ணெய்க்குக் கிருமிகளை அழிக்கும் ஆற்றல் இருப்பதை ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற ஆஸ்திரேலிய வேதியியலாளர் 1920-களில் வெளியிட்டார். அந்த ஆற்றலுக்கு முதன்மைக் காரணம் டெர்பினன்-4-ஆல் என்ற பொருள்.

1990-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில் முகப்பரு உள்ள 124 பேர் பங்கேற்றனர். ஒரு குழுவுக்கு 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல். மற்றொரு குழுவுக்கு மருந்தகங்களில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு, அதுவும் 5 விழுக்காடு. இரு குழுவினருக்கும் பரு குறைந்தது. டீ ட்ரீ எண்ணெய் மெதுவாகவே வேலை செய்தது. ஆனால் தோல் வறட்சி போன்ற பக்கவிளைவுகள் குறைவு.

இதில் 5 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆய்வில் பயன்பட்டது 5 விழுக்காடு. என் மாணவி தடவியது 100 விழுக்காடு. அதாவது இருபது மடங்கு. அந்த ஆய்வு நல்லது என்று சொன்ன எண்ணெயை அவள் தடவினாள். ஆய்வு சொன்ன அளவைத் தடவவில்லை.

அப்பாவின் கால் விரல்களுக்கு இடையே

முகப்பரு உங்கள் கவலை என்றால், சேற்றுப்புண் உங்கள் அப்பாவின் கவலையாக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் காலை முதல் ரப்பர் காலணியோடு குலை வெட்டுபவர்களின் கால்கள் வியர்வையில் ஊறிக்கிடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம் பூஞ்சைக்குப் பிடித்தமான இடம். விரல் இடுக்கில் அரிப்பு, வெள்ளையாக உரியும் தோல், வெடிப்பு எல்லாம் அதன் அடையாளங்கள்.

இதற்கு டீ ட்ரீ எண்ணெய் உதவுமா? 1992-இல் ஆஸ்திரேலியாவில் 104 பேரிடம் செய்த ஆய்வைப் பார்ப்போம். ஒரு குழுவுக்கு 10 விழுக்காடு டீ ட்ரீ களிம்பு, இரண்டாம் குழுவுக்கு டால்னாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்து, மூன்றாம் குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. டீ ட்ரீ பூசிய 37 பேரில் 24 பேருக்கு அரிப்பு, உரிதல் போன்ற அறிகுறிகள் நன்கு குறைந்தன. மருந்து பூசிய 33 பேரில் 19 பேருக்குக் குறைந்தன. எண்ணெய் வென்றுவிட்டது போலத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. தோலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இன்னும் வளர்கிறதா என்று சோதித்தார்கள். மருந்து பூசியவர்களில் 85 விழுக்காட்டினரிடம் பூஞ்சை ஒழிந்திருந்தது. டீ ட்ரீ குழுவில் 30 விழுக்காடு மட்டுமே. வெறும் களிம்புக் குழுவில் 21 விழுக்காடு.

அரிப்பு அடங்கியது, பூஞ்சை அடங்கவில்லை! “நல்லாயிடுச்சு” என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கும்போதே பூஞ்சை அதே இடத்தில் இருந்து, துவாலை வழியாகவும் குளியலறைத் தரை வழியாகவும் வீட்டாருக்குப் பரவக்கூடும். எண்ணெயின் செறிவை 25, 50 விழுக்காடு என்று கூட்டி 2002-இல் மீண்டும் ஆய்வு செய்தார்கள். பலன் கூடியது. ஆனால் எண்ணெய் பூசியவர்களில் நால்வருக்குத் தோல் அழற்சி கண்டது.

ஆகவே சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை மருந்தே சரி. அதனுடன் காலைக் கழுவி விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துவது, தினமும் காலுறை மாற்றுவது, காலணியை வெயிலில் காயவைப்பது ஆகியவற்றையும் செய்ய வேண்டும். நீரிழிவு உள்ளவர் என்றால் கால் புண்ணுக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம். உடனே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.

எலுமிச்சையும் வெயிலும்

முகம் வெளுக்கும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு திடலுக்கு ஓடுபவர்களும் உங்களில் இருப்பீர்கள். எலுமிச்சைத் தோலிலும் அதைப் பிழிந்தெடுத்த எண்ணெயிலும் பெர்காப்டென் போன்ற பொருள்கள் உள்ளன. இவை தோலில் படிந்திருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவப்பும் கொப்புளமும் தோன்றலாம். பிறகு கருந்திட்டு உண்டாகி வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் மறையாமல் இருக்கும். வெளுக்க நினைத்தவருக்குக் கறுப்பு மிஞ்சும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் எலுமிச்சை பிழிபவர்களும் கையை நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே வெயிலுக்குப் போக வேண்டும்.

பயன்படுத்துவதானால்…

முதலில் செறிவு. 20 சொட்டு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு நறுமண எண்ணெய் கலந்தால் செறிவு ஏறத்தாழ 1 விழுக்காடு. கை, கால் வறட்சிக்கு மணம் சேர்க்க இதுவே போதும். தண்ணீரில் கலக்காதீர்கள், எண்ணெய் கரையாமல் மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டிவிடும்.

அடுத்து சோதனை. கலந்த எண்ணெயில் ஒரு சொட்டை முழங்கையின் உட்புறத்தில் தடவி 48 மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வாமை மெதுவாகத்தான் வெளிப்படும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது.

பரு உள்ள முகத்தில் தேங்காய் எண்ணெய்க் கலவை வேண்டாம்; துளைகளை அடைத்துவிடும். அளவு குறிப்பிட்ட ஜெல் அல்லது பென்சாயில் பெராக்சைடை மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்து என்று விற்கப்படும் பொருளின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

கண், உதடு, திறந்த புண் ஆகியவற்றின் அருகே எந்த நறுமண எண்ணெயும் கூடாது. குடிக்கவே கூடாது. கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள். விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பே வரலாம். தம்பி தங்கைகளின் கைக்கு எட்டாத இடத்தில் புட்டியை வையுங்கள். ஏதேனும் தடவி எரிந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுக் கழுவி நிறுத்திவிடுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

என் மாணவியின் கன்னம் இரண்டு வாரத்தில் ஆறியது. அவள் கேள்விக்கு என் பதில் இதுதான்: சுட்டது இயற்கையா செயற்கையா என்று தோலுக்குத் தெரியாது. என்ன மூலக்கூறு, எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அடுத்த முறை காணொளியில் யாராவது ஓர் எண்ணெயைப் புகழ்ந்தால், “எத்தனை விழுக்காடு? எதோடு ஒப்பிட்டார்கள்?” என்று கேளுங்கள்.

சிந்தித்து எழுதுங்கள்

1. 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 1 விழுக்காடு கலவை செய்ய எத்தனை சொட்டு நறுமண எண்ணெய் வேண்டும்?

2. 1992 ஆய்வில் மருந்தே இல்லாத களிம்பை ஏன் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள்? அந்தக் குழு இல்லாவிட்டால் நாம் எப்படி ஏமாந்திருப்போம்?

3. உங்கள் வீட்டில் உள்ள தைலப் புட்டியின் உறையைப் படியுங்கள். அதில் என்னென்ன பொருள்கள், எத்தனை விழுக்காடு உள்ளன என்று அட்டவணையிடுங்கள்.