தேவன் அறிந்த பெயர்கள்

வேதபாடம்: யோசுவா 4:1-7, 2 சாமுவேல் 9, ஏசாயா 49:15,16, ரோமர் 5:6-10



நவம்பர் 11-ம் தேதி நெருங்கும்போது பிரிட்டன், கனடா தேசங்களில் ஜனங்கள் மார்பிலே சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்ளுகிறார்கள். 1918-ல் அந்த நாள் காலை 11 மணிக்குத்தான் ஐரோப்பாவின் மேற்கு போர்முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. "பாஸ்டர், விசுவாசி இதைக் குத்திக்கலாமா? இது செத்தவங்களுக்குச் செய்யுற சடங்கு இல்லையா?" என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. வேத வெளிச்சத்தில் பார்ப்போம்.

1. நினைவு சாட்சி சொல்லும்

பாப்பி விதை மண்ணுக்குள்ளே பல வருஷம் தூங்கும். மண்ணைக் கிளறினால் முளைக்கும். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் வயல்களைக் குண்டுகள் உழுதுபோட்டபோது, கல்லறைகளுக்கு நடுவே அது பூத்தது. யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களையும் யாரும் கும்பிடவில்லை. பிள்ளைகள் கேட்கவும் பெரியவர்கள் பதில் சொல்லவுமே அவை நாட்டப்பட்டன.

2. நினைவு உதவி செய்யும்

1921-ல் பிரிட்டனில் பாப்பி விற்ற பணம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போனது. மறு வருஷமே, ஊனமடைந்த வீரர்கள் உட்கார்ந்து பூச்செய்ய லண்டனில் ஒரு தொழிற்சாலை வந்தது. யுத்தத்தில் விழுந்த யோனத்தானுக்காகத் தாவீது அழுதான், அழுததோடு விட்டானா? இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத்தைத் தேடிப்பிடித்துத் தன் பந்தியிலே உட்காரவைத்தான்!

3. தேவன் மறப்பதில்லை

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாசலில், கல்லறை தெரியாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்திய வீரர்களும் அதில் உண்டு. அடையாளம் தெரியாதவர்களின் கல்லறைகளில், இவரைத் தேவன் அறிவார் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். அவருடைய 18 வயது மகன் 1915-ல் லூஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் காணாமற்போனான். தகப்பன் சாகுமட்டும் அந்தக் கல்லறை தெரியவில்லை. ஆனால் தம் உள்ளங்கையிலே நம்மை வரைந்திருக்கிறவருக்குத் தெரியாத கல்லறை உண்டோ?

4. ஓர் எச்சரிப்பு

போர்வீரன் தன் தேசத்துக்காக, தன் தோழனுக்காக மரிக்கிறான். அது கனத்துக்குரியது, ஆனாலும் அந்த இரத்தம் ஒருவருடைய பாவத்தையும் கழுவாது. நம் இயேசுவோ சத்துருக்களாயிருந்த நமக்காகவே மரித்தார். ஆகவே மரித்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை, யுத்தத்தைப் புகழுவதுமில்லை.

பிரியமானவர்களே, பூவைக் குத்துவதும் குத்தாததும் அவரவர் மனச்சாட்சிக்குரியது. ஆனால் உங்கள் தெருவிலே ஒரு ராணுவ வீரரின் விதவை இருக்கிறாரா? இந்த வாரமே போய்ப் பாருங்கள். அந்த வீட்டிலே ஒரு மேவிபோசேத் காத்திருக்கலாம். ஆமென்.