மீநுண் அச்சுக்கலை

நுழையும்முன்
அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது. அதன் பயன் எளியோர் கைக்கும் எட்டவேண்டும். விலைமிக்க கருவிகளாலேயே இயலும் எனக் கருதப்பட்ட ஒரு பணியை முத்திரையிடும் எளிய முறையால் செய்துகாட்டிய முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

செங்கல் அறுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குழைத்த மண்ணை அச்சிலிட்டு எடுத்து, உலர்த்திச் சூளையில் சுடுகிறார். அவருடைய அச்சு, வேண்டிய கல்லைவிடச் சற்றுப் பெரியது. மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பதை அவர் அறிவார். இதே செயலை, ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்த நானோமீட்டர் அளவில் செய்ய இயலுமா?

மீநுண் வடிவங்களை வரைய எலக்ட்ரான் கற்றை பயன்படுகிறது. எழுதுகோலைப்போல ஒவ்வொரு கோடாக வரைவதால் அது மிக மெதுவாகவே இயங்கும். கருவியின் விலையும் மிகுதி. 1995ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சௌ குழுவினர், சூடேற்றி இளக்கிய பலபடிப் படலத்தில் கடினமான அச்சை அழுத்தி, 25 நானோமீட்டர் அளவுள்ள குழிகளைப் பதித்தனர். அக்காலத்திலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், சிலிக்கோன் இரப்பரால் ஆன மென்முத்திரைகளைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தனர்.

செராமிக் பொருள்களோ கடினமானவை, அழுத்தினால் நொறுங்குபவை. ஆகவே, அவை கரைசலாக இருக்கும்போதே வடிவம் தரப்படுகிறது. டைட்டானியம் சேர்மம் கலந்த கரைசலைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மேல் மென்முத்திரையை வைக்கின்றனர். கரைப்பான் இரப்பரின் வழியே வெளியேற, படலம் கூழாகி இறுகுகிறது. முத்திரையை உரித்தெடுத்தபின் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் சுட்டால், கரிமப் பொருள்கள் எரிந்து நீங்க, டைட்டானியம் டைஆக்சைடு எஞ்சுகிறது.

இங்கும் சுருக்கமே பெருந்தடை. படலத்தின் அடிப்பகுதி கண்ணாடியைப் பற்றியிருப்பதால் அகலம் குறைவாகவும் உயரம் மிகுதியாகவும் சுருங்குகின்றன. படலம் தடித்திருந்தால் வெடிப்புகள் தோன்றும். எனவே, சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மூல அச்சை ஆழமாக அமைக்கின்றனர். செங்கல் அறுப்பவரின் பட்டறிவே இங்கு அறிவியலாகிறது!

மூல அச்சைச் செய்யும் செலவு ஒருமுறையே. அதிலிருந்து பல முத்திரைகளை வார்க்கலாம். ஒவ்வொன்றாலும் பலமுறை பதிக்கலாம். இரப்பரின் மிக மெல்லிய வரிகள் வளைந்து ஒட்டிக்கொள்வது இம்முறையின் குறை. எனினும், எலக்ட்ரான் கற்றைக் கருவி இல்லாத சிறிய ஆய்வகமும் மூல அச்சு ஒன்றைப் பெற்றுவிட்டால் மீநுண் ஆய்வில் இறங்கலாம். கருவியின் எளிமை, அறிவின் கதவை அகலத் திறக்கிறது.

கற்பவை கற்றபின்...
உங்கள் ஊரில் அச்சைக்கொண்டு செய்யப்படும் தொழில் ஒன்றைக் கண்டறிந்து, அதில் சுருக்கத்தை எவ்வாறு ஈடுசெய்கின்றனர் என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.