மகாராஜா கணக்கில் தப்பான வரவு, தப்பான கழிவு

பெங்களூரு ஜே.சி. ரோடு என்றால் கார் உதிரி பாகம், சீட் கவர், ஹாரன். அந்த 'ஜே.சி.' மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974) என்று தெரிந்தவர்களில் இசைப் பித்து உள்ளவர்கள் ஒரு கதை சொல்வார்கள்: ஜெர்மன் மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு இறுதிப் பாடல்கள்' இவர் பணம் கொடுத்து எழுதவைத்தவை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தேதிதான் ஒத்துவரவில்லை. ஸ்ட்ராஸ் அவற்றை 1948இல் சுவிட்சர்லாந்தில் யாரும் பணம் கொடுத்து எழுதச் சொல்லாமலே எழுதி முடித்தார். 1949 செப்டம்பரில் காலமானார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடி அவை முதன்முதலாக அரங்கேறியபோது, செலவுக்கு 4,800 டாலர் உத்தரவாதம் தந்ததுதான் மகாராஜாவின் பங்கு. அவர் நேரில் போகவும் இல்லை. ஒலிப்பதிவு மைசூருக்கு வந்தால் போதும் என்பது ஏற்பாடு. புரவலர் என்ற பெயருக்கு இந்தக் கதையே தேவையில்லை. லண்டனில் கவனிப்பாரற்றுக் கிடந்த ரஷ்யர் நிக்கோலாய் மெட்னரின் இசையைத் தட்டில் ஏற்றியது மைசூர்ப் பணம். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார்.

செய்யாததை இப்படி வரவு வைக்கும் நாம், செய்ததைக் கழித்தும் விடுகிறோம். மகாராஜா பெயரில் 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு உள்ள 94 கிருதிகளும் அரண்மனை வித்வான்கள், அதிலும் மைசூர் வாசுதேவாச்சாரியார், எழுதிக் கொடுத்தவை என்று சபா இடைவேளைக் காப்பிக்கு நடுவே இன்றும் பேச்சு வரும். (சுவாதித் திருநாள் மீதும் இதே வழக்கு, ராஜாவுக்குப் பாட்டு வராது என்று யார் முடிவு கட்டினார்களோ!) முத்திரையை யார் வேண்டுமானாலும் வைக்கலாமே என்பார்கள். சரி, முத்திரையை விடுவோம், பாட்டுக்குள் போவோம். மகாராஜா ஸ்ரீவித்யா உபாசகர். கிருதிகளில் பல, தேவி வழிபாட்டின் மந்திர, சக்கரச் சொற்களால் நெய்த சம்ஸ்கிருதம். வாசுதேவாச்சாரியாரின் தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாட்டுகளில் பெரும்பாலும் ராமனும் கிருஷ்ணனும் இருக்கிறார்கள், நடையும் எளிமை. கம்பீரநாட்டையில் 'ஸ்ரீ ஜாலந்தரம்' கேட்டுவிட்டு ஆச்சாரியார் கிருதி ஒன்றைக் கேட்டாலே இரண்டு மனம் என்று புரிந்துவிடும். குருவான ஆச்சாரியார் திருத்தியிருக்கலாமே என்றால், இருக்கலாம்தான். எந்தக் குரு சிஷ்யன் பாட்டைத் திருத்தாமல் விட்டார்? அதற்காகப் பாட்டு குருவுடையது ஆகிவிடாது. ராஜ்ய வேலைக்கு நடுவே இவ்வளவு ஞானம் எப்படி என்று கேட்பவர்களுக்கு, தத்தாத்ரேயரைப் பற்றியும் கீதையைப் பற்றியும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் அச்சில் இருக்கின்றன.