ஆர்ம் லேப்டாப்பில் விபிஎன் ஏன் அடம் பிடிக்கிறது?

புதிதாக லேப்டாப் வாங்கிய பலருக்கு, உள்ளே இருக்கும் பிராசஸர் இன்டெல்லும் இல்லை, ஏஎம்டியும் இல்லை என்பதே தெரிவதில்லை. கடைக்காரர் "பேட்டரி நாள் முழுக்க நிற்கும், சூடாகாது" என்று சொல்லியிருப்பார். அது உண்மையும்கூட. விண்டோஸ் வருகிறது, வேர்ட் திறக்கிறது, பிரவுசரும் வேகமாக இயங்குகிறது. அலுவலகத்தில் கொடுத்த விபிஎன் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும் நாளில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. இன்ஸ்டால் முழுதாக முடியும். ஐகானும் வரும். கனெக்ட் பட்டனைக் கிளிக் செய்தால் மட்டும் ஒன்றும் நடக்காது.

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அதில் சிஸ்டம், பின்னர் கீழே அபவுட். கிடைக்கும் விண்டோவில் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் படியுங்கள். "எக்ஸ்64 பேஸ்டு பிராசஸர்" என்று இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. "ஆர்ம் பேஸ்டு பிராசஸர்" என்று இருந்தால் மேலே படியுங்கள். 2024 ஜூனில் விற்பனைக்கு வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகை லேப்டாப்கள் எல்லாம் இந்த இரண்டாவது ரகம். ஆப்பிளின் எம்1, அதாவது 2020 நவம்பர் முதல் வந்த எம் வரிசை மேக் கம்ப்யூட்டர்களும் ஆர்ம்தான்.

ஆர்ம் என்பது புது விஷயம் அல்ல. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1985இலேயே முதல் ஆர்ம் சிப்பை இயக்கிக் காட்டியது. உங்கள் பையில் இருக்கும் செல்போனிலும் இருப்பது ஆர்ம்தான். ஆனால் 1978இல் வந்த இன்டெல் 8086இன் வழியில் வளர்ந்த பிராசஸர்களுக்குப் புரியும் கட்டளைகள் வேறு, ஆர்முக்குப் புரியும் கட்டளைகள் வேறு. அப்படியென்றால் இன்டெல்லுக்காக எழுதிய பழைய புரோகிராம்கள் எப்படி ஓடுகின்றன? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் அவர் பெயர் பிரிசம். மேக்கில் ரொசெட்டா 2. இவர்கள் கெட்டிக்காரர்கள், மொழிபெயர்ப்பு நடப்பதே பல சமயம் நமக்குத் தெரியாது.

சிக்கல் இங்கேதான். இந்த மொழிபெயர்ப்பு சாதாரண புரோகிராம்களுக்கு மட்டும்தான். டிரைவர்களுக்குக் கிடையாது.

ஒரு ஹோட்டலை எண்ணிப் பாருங்கள். முன் ஹாலில் வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்தால், மொழி தெரிந்த சர்வர் ஒருவர் கேட்டு எழுதிச் சமாளித்துவிடுவார். சமையலறை அடுப்படியில் அது நடக்காது. எண்ணெய் கொதிக்கும்போது மாஸ்டர் சொல்வது நேரடியாகப் புரிகிறவர்தான் அங்கே நிற்க முடியும். கம்ப்யூட்டரின் அடுப்படிக்குக் கர்னல் என்று பெயர். பெரும்பாலான டிரைவர்கள் வேலை செய்வது அதற்குள்ளேதான்.

விபிஎன் சாஃப்ட்வேர் ஹாலில் ஒரு காலும் அடுப்படியில் ஒரு காலும் வைத்திருக்கும் ஆசாமி. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் விண்டோ சாதாரண புரோகிராம். அது மொழிபெயர்ப்பில் நன்றாகவே ஓடும். ஆனால் நீங்கள் அனுப்பும் தகவல் முழுவதையும் பிடித்து, பூட்டிய உறைக்குள் போட்டு அலுவலக சர்வருக்கு அனுப்ப வேண்டுமே? அதற்காக அது விண்டோஸுக்குள் ஒரு பொய்யான நெட்வொர்க் கார்டை உருவாக்குகிறது. விர்ச்சுவல் அடாப்டர் என்பார்கள். அந்தக் கார்டுக்கு ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் இன்டெல்லுக்காக எழுதப்பட்டதாக இருந்தால் ஆர்ம் கம்ப்யூட்டரில் ஏறவே ஏறாது. ஓப்பன்விபிஎன் பயன்படுத்துபவர்களுக்கு "டேப்-விண்டோஸ் அடாப்டர் எதுவும் இந்த சிஸ்டத்தில் இல்லை" என்ற பொருளில் பிழைச் செய்தி வருவது இதனால்தான். வேறு சில சாஃப்ட்வேர்கள் செய்திகூடத் தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் செல்லுங்கள். வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" தேர்வு செய்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பிரிவை விரித்துப் பாருங்கள். விபிஎன் பெயரில் அடாப்டர் எதுவும் இல்லை, அல்லது மஞ்சள் முக்கோணத்துடன் இருக்கிறது என்றால் அநேகமாக நோய் இதுதான்.

இந்தச் சின்ன விஷயம் ஒருவருடைய சம்பளத்தில் கை வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் சித்தி மகள் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறாள். வேலையில் சேர்ந்து மூன்றே வாரம். தவணையில் வாங்கிய புது லேப்டாப். லாகின் ஆகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது அங்கே விதி. "அண்ணா, எல்லாம் இன்ஸ்டால் ஆயிடுச்சு, கனெக்ட் மட்டும் ஆகமாட்டேங்குது" என்று போன் செய்தபோது ஏற்கெனவே இரண்டு நாள் போயிருந்தது. நிறுவனத்தின் உதவிப் பிரிவினர் மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தவறான டிரைவரை எத்தனை முறை போட்டாலும் அது தவறான டிரைவர்தானே! கடைக்காரரோ திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றுவிட்டார்.

சிஸ்டம் டைப் வரியைப் போனிலேயே படிக்கச் சொன்னேன். ஆர்ம். பிறகு உதவிப் பிரிவுக்கு இரண்டே வரியில் ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். "என் லேப்டாப் விண்டோஸ் 11, ஆர்ம்64. இந்த விபிஎன்னுக்கு ஆர்ம்64 இன்ஸ்டாலர் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் சர்வர் ஐகேஇவி2 அல்லது எஸ்எஸ்டிபி முறையை ஏற்குமா?" அன்று மாலையே பதில் வந்தது. ஆர்ம்64 இன்ஸ்டாலர் அவர்களிடம் முன்பே இருந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே லிங்க்கை அனுப்பியதால் இவளுக்கு வரவில்லை. நீங்களும் இதே இரண்டு வரியை அனுப்பலாம். "விபிஎன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்றுதான் பதில் வரும்.

சரியான இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுப்பது

பைல் பெயரில் ஆர்ம்64 என்று இருக்க வேண்டும். லினக்ஸ் பக்கம் போனால் ஏ, ஏ, ஆர், சி, எச், 64 என்ற எழுத்துகளைச் சேர்த்து எழுதியிருப்பார்கள், அதுவும் இதுதான். எக்ஸ்64, ஏஎம்டி64 என்று இருப்பவை நமக்கு ஆகாது. (ஏஎம்டி64 என்ற பெயரைப் பார்த்து இன்டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களும் குழம்புவதுண்டு. இன்டெல்லுக்கும் அதே பைல்தான்.) வயர்கார்டு, ஓப்பன்விபிஎன் இரண்டுக்கும் விண்டோஸ் ஆர்ம்64 இன்ஸ்டாலர் அவற்றின் சொந்தத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேறு தளங்களில் தேடாதீர்கள்.

புதியதைப் போடுவதற்கு முன் பழையதை நீக்க வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் சென்று பழைய விபிஎன்னை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பிறகே ஆர்ம்64 இன்ஸ்டாலரை இயக்குங்கள். பாதி ஏறிய அடாப்டர் இடையில் நின்றால் அது தனித் தலைவலி.

ஒரு எச்சரிக்கை. டிரைவர் ஏறவில்லை என்றால் "டிரைவர் சிக்னேச்சர் சோதனையை நிறுத்துங்கள், மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்யுங்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். இன்டெல் டிரைவர் எந்தச் சோதனையை நிறுத்தினாலும் ஆர்மில் ஓடாது. அடுப்படிக் கதவைத் திறந்து போட்டதுதான் மிச்சமாகும்.

ஆர்ம்64 இன்ஸ்டாலரே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டால், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் விபிஎன்னை முயற்சி செய்யலாம். அது விண்டோஸின் ஒரு பகுதி என்பதால் டிரைவர் பிரச்சினை கிடையாது. செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் விபிஎன், பின்னர் ஆட் விபிஎன். புரொவைடர் இடத்தில் "விண்டோஸ் பில்ட்-இன்" தேர்வு செய்து, இணைப்புக்கு ஒரு பெயரும் அலுவலகம் தந்த சர்வர் முகவரியும் கொடுங்கள். வகையில் ஐகேஇவி2 இருந்தால் அதுவே முதல் தேர்வு. சில நெட்வொர்க்குகளில் அதற்குத் தேவையான 500, 4500 ஆகிய யுடிபி போர்ட்களை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது எஸ்எஸ்டிபி உதவும். சாதாரணப் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் வரும் 443 போர்ட் வழியாகவே அதுவும் போகிறது. பிபிடிபி என்ற பழைய முறையும் பட்டியலில் தெரியும். அதன் பூட்டு உடைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, தொட வேண்டாம். எந்த முறையானாலும் அலுவலக சர்வரும் அதை ஏற்க வேண்டும். அதனால்தான் மெயிலில் அந்த இரண்டாவது கேள்வி.

விர்ச்சுவல் மெஷினில்

மேக் வைத்திருப்பவர்கள், "நான் உள்ளே விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கொள்கிறேன், அதில் எல்லாம் ஓடும்" என்று நினைக்கிறார்கள். விர்ச்சுவல் மெஷின் பிராசஸரை மாற்றாது. எம் வரிசை மேக்கில் பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன் எதைப் போட்டாலும் உள்ளே வசதியாக ஓடுவது ஆர்ம் விண்டோஸ்தான். ஆகவே மேலே சொன்ன அதே டிரைவர் கதை அப்படியே அங்கும் பொருந்தும். யுடிஎம் போன்றவற்றில் இன்டெல் விண்டோஸை முழுக்க நடித்துக் காட்டச் செய்யலாம். ஆனால் அது மிக மெதுவாக ஓடும். அன்றாட வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எளிய வழி, விபிஎன்னை மேக்கில் போட்டு, உள்ளிருக்கும் விண்டோஸை அதன் பின்னால் வரச் செய்வது. இதற்கு விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் செட்டிங் "ஷேர்டு" அல்லது "நாட்" என்று இருக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் விண்டோஸின் தகவல்கள் மேக்கின் வழியாகவே வெளியே செல்லும்; பெரும்பாலும் விபிஎன்னும் சேர்ந்து கிடைக்கும். "பிரிட்ஜ்டு" என்று வைத்தால் அது உங்கள் ரவுட்டரிடம் நேரடியாகத் தனி ஐபி முகவரி வாங்கிக்கொண்டு மேக்கின் விபிஎன்னைச் சுற்றிப் போய்விடும். மேக்கில் விபிஎன் ஓடும்போதும் விண்டோஸில் அலுவலகப் பக்கம் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த செட்டிங்கைத்தான்.

சில அலுவலக விபிஎன்கள், இணையும் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் இருக்கிறதா, அப்டேட் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே உள்ளே விடும். சோதனை விண்டோஸுக்கு என்று இருந்தால் விபிஎன்னை விண்டோஸுக்குள்ளேயே போட வேண்டியதுதான், ஆர்ம்64 பதிப்புடன். அப்போது மேக்கில் வேறு விபிஎன் ஓடினால் நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஓடினால் உறைக்குள் உறை போட்டு, உள்ளே தகவல் வைக்கும் இடம் குறைந்துவிடும். இணைப்பு வந்துவிட்டதாகக் காட்டும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய பக்கங்கள் பாதியில் நிற்கும். இரண்டும் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், உள்ளே இருப்பது வயர்கார்டு என்றால், அதன் கான்ஃபிகரேஷன் பைலில் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு மதிப்பை 1280 என்று கொடுத்து சேவ் செய்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி கனெக்ட் செய்து பாருங்கள்.