ஸோன் கோப்பு நம்மிடம் இருக்கட்டும்

நேம்சர்வரைச் சொந்தமாக ஓட்டுவதா, வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஸோன் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? சிறு நிறுவனங்களுக்கு சர்வர் பராமரிப்பது என் தொழில். டிஎன்எஸ்ஸில் இரண்டு வேலைகள் உண்டு. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பதிவை, அதாவது ஸோன் கோப்பை, வைத்திருப்பது ஒன்று. கேட்பவர்களுக்கெல்லாம் இரவு பகலாகப் பதில் சொல்வது இன்னொன்று. முதலாவதைக் கைவிடக் கூடாது, இரண்டாவதைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. பைண்டோ என்எஸ்டியோ போட்டால் சின்ன விபிஎஸ்கூடப் போதும். ரிகர்ஷனை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் மீதான தாக்குதலுக்கு உங்கள் சர்வர் கருவியாகிவிடும். உண்மையான சிக்கல் இடம். துணை சர்வர்கள் வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்எஃப்சி 2182 சொல்லிவிட்டது. அப்படியும் 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் தளங்கள் மணிக்கணக்கில் காணாமல் போயின. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. ரவுட்டரில் செய்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது.

வெளியே கொடுத்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் பாட்நெட் டிஎன்எஸ் சேவை தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், கிட்ஹப், ஸ்பாட்டிஃபை எல்லாம் பலருக்கு எட்டவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்களுக்கு எந்தக் கேடும் இல்லை. முகவரி சொல்லத்தான் ஆளில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கடன் அட்டை காலாவதியானது. டிஎன்எஸ் நிறுவனம் கணக்கை முடக்கியது. பதிவுகள் அதன் வலைப் பலகையில் மட்டுமே இருந்தன. இணையதளத்தின் முகவரியை எவரும் நினைவிலிருந்து எழுதிவிடலாம். மின்னஞ்சலுக்கான டிகேஐஎம் சாவியை யார் எழுதுவது? பழைய மின்னஞ்சல்களைத் துழாவி ஒவ்வொரு பதிவாக மீட்டோம். இது நடக்க வேண்டிய அவசியமே இல்லாத வேதனை.

ஆகவே நான் அமைத்துத் தருவது மறைந்த முதன்மை சர்வர். அதன் பெயர் என்எஸ் பதிவுகளில் இருக்காது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் துணை சர்வர்கள் ஏஎக்ஸ்எஃப்ஆர் என்ற ஸோன் பரிமாற்றம் வழியாக, டிஎஸ்ஐஜி சாவியோடு வந்து ஸோனை எடுத்துக்கொள்ளும். 53ஆம் போர்ட் அவற்றுக்கு மட்டுமே திறந்திருக்கும். காலாவதி நேரத்தை 1209600 விநாடி, அதாவது இரண்டு வாரம் என்று வைக்கிறேன். முதன்மை படுத்துவிட்டாலும் அதுவரை பதில் போய்க்கொண்டிருக்கும். டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் கையெழுத்து அதற்கு முன்பே காலாவதியாகக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸோன் கோப்பு கிட்டில் இருப்பதால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும்.

மாற்றம் செய்ததும் சீரியல் எண்ணைப் பாருங்கள். 2025031401 இருந்த இடத்தில் 2025031402 வராவிட்டால் துணை சர்வர்கள் புதிய கோப்பைத் தொடாது. ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியாக டிக் கட்டளையால் கேட்டு, எல்லாவற்றிலும் ஒரே எண் வருகிறதா என்று சரிபார்ப்பேன்.

பணம் கட்டுவதற்கு முன், துணை சர்வர் தரும் நிறுவனம் ஸோன் பரிமாற்றத்தை ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். எல்லோரும் ஏற்பதில்லை. அவர்கள் தரும் ஏலியஸ் பதிவு, நாட்டுக்கு நாடு மாறும் பதில் போன்ற வசதிகள் ஸோன் பரிமாற்றத்தோடு வராது. அவற்றில் சாய்ந்துவிட்டால் வெளியேறுவது கடினம்.

இடம் மாறும்போது பழைய நேம்சர்வரை உடனே அணைக்காதீர்கள். டாட்காம் ஸோனில் என்எஸ் பதிவின் டிடிஎல் 172800 விநாடி. இரண்டு நாள் வரை பழைய சர்வரைத் தேடி ஆட்கள் வருவார்கள். டிஎன்எஸ்செக் போட்டிருந்து, அதற்கான டிஎஸ் பதிவைக் கவனிக்காமல் மாறினால், சரிபார்க்கும் ரிசால்வர்கள் உங்கள் டொமைனையே நிராகரித்துவிடும்.

டொமைன் பதிவாளர் கணக்குக்கும் டிஎன்எஸ் கணக்குக்கும் அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டிஎன்எஸ் விழுந்த நாளில் கடவுச்சொல்லை மாற்றும் அஞ்சல் வந்து சேராது.